கேள்விச் செல்வமும் மலாயா வானொலியும்

வள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்வியை வைத்தார். கல்லாதார்க்கும் செவிவழி அறிவு உண்டு என்பதே அம்முறையின் கருத்து.

மலாயாத் தமிழர்க்கு அக்கேள்வியை நாடளாவ வழங்கியது வானொலி. 1946 ஏப்ரல் 1இல் சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய மலாயா வானொலி, மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் ஆகிய மொழிகளில் ஒலித்தது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் பண்டமாரான் முதலிய புதுக்கிராமங்கள் எழுந்தன. புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் மக்கள் கூடிக் கேட்க, அரசாங்கம் பொது வானொலிப் பெட்டிகளை வைத்தது. அரசின் நோக்கம் தன் செய்தியைப் பரப்புதல். கேட்டோர் பெற்றதோ அதனினும் பெரிது. பல மாவட்டப் பேச்சு வழக்குகளுடன் வந்த மக்கள், செய்தியிலும் உரையிலும் நாடகத்திலும் ஒரு பொதுத்தமிழைக் கேட்டனர்.

அச்செழுத்தை மீண்டும் படிக்கலாம். காற்றில் வந்த சொல் மீளாது. ஆதலின், சிறு வாக்கியமும் திருத்தமான ஒலிப்பும் வானொலித் தமிழுக்கு இன்றியமையாதன ஆயின.

1959இல் தலைமையிடம் கோலாலம்பூருக்கு வந்தது. 1963இல் மலேசிய வானொலி என்னும் பெயர் பெற்றது. அதன் தமிழ்ப்பிரிவின் வழிவந்ததே இன்றைய மின்னல் பண்பலை. பாட்டு செவிக்கு விருந்து. கேள்விக்கு உரை வேண்டும். மாணவரைச் செய்தியறிக்கை கேட்பித்துத் தம் சொற்களில் திருப்பிச் சொல்லப் பழக்குதல் தமிழாசிரியர் கடன்.