கம்பிக்குக் கூலி யார் கொடுத்தது?

திருவள்ளூர் மாவட்டம் ஆர்.கே.பேட்டையில் ஒரு வீட்டுக்கு வரும் கரண்ட் பில்லில், மின்சாரத்தைக் கொண்டுவந்து சேர்த்த கூலி என்று தனி வரி கிடையாது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் மின்சாரத்துக்கு ஒரு தொகை, கொண்டு சேர்ப்பதற்கு ஒரு தொகை என்று பிரித்தே அச்சிடுகிறார்கள். இங்கே இரண்டு மாதத்துக்கு 20 முதல் 50 ரூபாய் வரை இருந்த நிலைக்கட்டணமும் 2022 செப்டம்பரில் வீடுகளுக்கு ரத்தானது. கம்பம், கம்பி, டிரான்ஸ்ஃபார்மர், லைன்மேன் சம்பளம் எல்லாம் யூனிட் விலையிலும் அரசு மானியத்திலும் கரைந்து கிடக்கின்றன. கணக்கை மூடிவைக்கும் வித்தை என்று இதைக் குறை சொல்பவர்கள் உண்டு. ஆனால் அப்படிக் கரைத்ததால்தான் இந்தப் பக்கத்துக்கு வெளிச்சம் வந்தது.

லாபம் பார்க்கும் கம்பி நெருக்கமான ஊர்களைத்தான் தேடிப் போகும். சென்னையில் மின்சாரம் கொடுத்த தனியார் கம்பெனி நகரத்தை விட்டு நகரவில்லை. 1947இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. 1932இல் தொடங்கிய பைக்காரா நீர்மின்சாரம் கோவை ஆலைகளுக்குப் பாய்ந்தது. 1948ஆம் வருட மின்சார வழங்கல் சட்டத்தின் கீழ் 1957 ஜூலையில் மின்சார வாரியம் அமைந்த பிறகே, வரவு எவ்வளவு என்று பாராமல் கிராமத்துக்குக் கம்பி இழுப்பது வழக்கமானது. ஆர்.கே.பேட்டை இருக்கும் திருத்தணி வட்டாரம் சித்தூரிலிருந்து பிரிந்து 1960 ஏப்ரலில் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெசவை நம்பிய அந்த மேற்குக் கோடிக்கும் நகரத்துக்கும் தூரத்தை வைத்துத் தனி ரேட் போடப்படவில்லை. இன்று அதே மாவட்டத்தின் கடலோரத்தில், அத்திப்பட்டில், வடசென்னை அனல் மின்நிலையம் ஓடுகிறது. அங்கிருந்து 230 கிலோவோல்ட்டில் கிளம்பும் மின்சாரம் சப்-ஸ்டேஷன்களில் படிப்படியாக இறங்கி, 11 கிலோவோல்ட் ஃபீடர் வழியாகத் தெரு டிரான்ஸ்ஃபார்மரை அடைந்து, வீட்டுக்குள் 230 வோல்ட்டாக நுழைகிறது. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் விரயம். தூரத்துக்கு ஏற்பக் கூலி கேட்டிருந்தால் கடைசித் தெருக்காரர்தான் அதிகம் கட்டியிருப்பார்.

அப்படியானால் அந்தக் கூலியை யார் சுமந்தார்கள் என்று கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைக்காரர் கேட்பார், நியாயமான கேள்வி. அவர் பில்லில் உச்சத் தேவைக்குக் கேவிஏ கணக்கில் டிமாண்ட் கட்டணம் உண்டு. 2003 மின்சாரச் சட்டப்படி வெளியில் மின்சாரம் வாங்கினால், கம்பியில் கொண்டுவரும் வீலிங் கட்டணமும், வீடுகளின் விலைக்குறைப்பை ஈடுகட்டும் குறுக்கு மானியத்துக்கான கூடுதல் கட்டணமும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். வீட்டுக்காரர் பார்க்காத வரியை அவர் மாதாமாதம் பார்க்கிறார். மிச்சம் கடனாகத் தேங்கியது: 2017இல் மின் விநியோக நிறுவனங்களின் கடனைச் சீரமைக்கும் மத்திய அரசின் உதய் திட்டத்தில் சேர்ந்தபோது மின்வாரியக் கடனில் 22,815 கோடி ரூபாயை மாநில அரசு ஏற்க வேண்டியிருந்தது. இதற்காக வீட்டுக்கு வீடு நிலைக்கட்டணத்தைத் திரும்பக் கொண்டுவருவது தீர்வல்ல. ஒரு விளக்கும் ஒரு மின்விசிறியும் ஓடும் வீட்டுக்கும் ஏசி வீட்டுக்கும் அது ஏறக்குறைய ஒரே சுமையாகிவிடும். ஒரே ரேட் இருக்கட்டும். கம்பிக்கு ஆகும் செலவை மின்சார ஒழுங்குமுறை ஆணையம் தன் உத்தரவுகளில் ஏற்கெனவே கணக்கிட்டு வைத்திருக்கிறது. அதில் இந்த வீட்டின் பங்கு இவ்வளவு, மானியம் இவ்வளவு என்று பில்லின் அடியில் ஒரு வரி அச்சிட வாரியம் முன்வர வேண்டும்.