பரிசுத்தம் என்பது விலகி நிற்பதல்ல

கிறிஸ்தவத் திருச்சபையில் ‘பரிசுத்தம்’ என்ற சொல்லைக் கேட்டதும் பலருக்கு விலகி நிற்றலே நினைவுக்கு வருகிறது. இறைவனுக்கென வேறாக்கப்படுதல் என்பதே அதன் பழைய பொருள். அப்படியானால், பரிசுத்தமானவர்கள் துன்பப்படுவோரிடமிருந்தும் விலகியிருக்க வேண்டுமா?

கி.பி. 50களில் கொரிந்து நகரச் சபைக்குப் பவுல் எழுதிய முதலாம் நிருபம் இதற்குப் பதில் தருகிறது. பரிசுத்தத்திற்கான அழைப்பை அவர் ஒருசிலருக்கென்று ஒதுக்கவில்லை. சபையார் அனைவருக்கும் உரியதென்கிறார். அதேவேளை, 11ஆம் அதிகாரத்தில் அவர்களைக் கடுமையாகக் கண்டிக்கிறார். கர்த்தருடைய பந்திக்குக் கூடிய இடத்தில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு உண்டார்கள், இல்லாதவர்கள் பசியோடிருந்தார்கள். இன்று திருமணங்களில் விரும்பி வாசிக்கப்படும், அன்பைப் பற்றிய 13ஆம் அதிகாரம், இவ்வாறு பிளவுபட்டிருந்த ஒரு சபைக்கே எழுதப்பட்டது.

இலங்கைத் திருச்சபையின் வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கக் குருக்களுக்குத் தடை இருந்த காலத்தில், 1687இல் கோவாவிலிருந்து யோசப் வாஸ் அடிகளார் ஏழைத் தொழிலாளியின் கோலத்தில் இங்கு வந்தார். யாழ்ப்பாணத்துச் சில்லாலை மக்கள் அவருக்கு அடைக்கலம் கொடுத்தனர். அது தங்களுக்கும் ஆபத்து என்பதை அவர்கள் அறியாதவர்களல்லர்.

பின்னர் கண்டிக்குச் சென்ற அடிகளார், 1692இல் ஒற்றர் என்ற சந்தேகத்தில் சிறைவைக்கப்பட்டார். 1697இல் அந்நகரில் பெரியம்மை பரவியது. மன்னனும் வசதியுள்ளவர்களும் நகரைவிட்டு வெளியேறினர். நோயாளர்கள் சொந்தக் குடும்பத்தினராலேயே கைவிடப்பட்டனர். அடிகளாரும் அவரது மருமகனான குருவும் அங்கேயே தங்கினர். சமய வேறுபாடு பாராமல் நோயாளருக்கு உணவூட்டினர், புண்களைக் கழுவினர், இறந்தவர்களை அடக்கம் செய்தனர். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

போருக்குப் பின்னரான எமது ஆலயங்களிலும் இக்கேள்வி உயிரோடிருக்கிறது. அவயவம் இழந்தவர்கள், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடும் தாய்மார், தடுப்பிலிருந்து மீண்ட முன்னாள் போராளிகள் ஆகியோர் ஞாயிறு வழிபாட்டில் எந்த வாங்கில் அமர்கிறார்கள்? அவர்களுக்கு அருகில் யார் அமர்கிறார்கள்? ஒரு சபையின் பரிசுத்தத்தை அளக்க இதைவிட நேரான அளவுகோல் இல்லை.