‘கியூகம்பர்’ டெஸ்ட் என்றால் என்ன? ஒரே கட்டளையில் ஆப்பை சோதிப்பது எப்படி?

கணக்கில் இருப்பது 500 ரூபாய்தான். ஒருவர் 1,000 ரூபாய் எடுக்கப் பார்த்தால் வங்கி ஆப் பணம் தரக் கூடாது. ஆப்பில் மாற்றம் செய்யும்போதெல்லாம் இதை ஆள் வைத்து சோதிப்பது கஷ்டம். அதற்குத்தான் கியூகம்பர்.

எப்படி எழுதுவது?

அஸ்லாக் ஹெல்லஸோய் 2008-ல் உருவாக்கிய கருவி இது. ‘கெர்கின்’ என்ற முறையில், சாதாரண வாக்கியங்களாகவே சோதனையை எழுதலாம். தமிழிலும் எழுதலாம். ‘கொடுக்கப்பட்ட’ என்றால் ஆரம்ப நிலை, ‘எப்போது’ என்றால் செயல், ‘அப்பொழுது’ என்றால் வர வேண்டிய முடிவு. ஒவ்வொரு வரிக்கும் புரோகிராமர் தனியாக கோட் எழுதியிருப்பார்.

எப்படி ஓடும்?

ரூபி பதிப்பு என்றால், டெர்மினலில் ‘கியூகம்பர்’ என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டினால் போதும். பாஸ் ஆனால் பச்சை, ஃபெயில் ஆனால் சிவப்பு. முடிவில் ‘எக்ஸிட் கோட்’ என்ற எண் வரும். 0 என்றால் எல்லாம் ஓகே. தானாக இயங்கும் சர்வர்கள் நிறத்தைப் பார்ப்பதில்லை, இந்த எண்ணை வைத்தே புதிய பதிப்பை அனுமதிக்கும் அல்லது நிறுத்தும்.

எதில் கவனம் தேவை?

‘டேக்’ கொடுத்தால் அந்த டேக் உள்ள சோதனைகள் மட்டுமே ஓடும். ‘டிரை ரன்’ கொடுத்தால், வரிகளுக்கு கோட் இருக்கா என்று மட்டும் பார்க்கும், எதையும் சோதிக்காது. பணம் எடுக்கும் சோதனை விடுபட்டாலும் 0 வரலாம். அதனால் பாஸா என்று மட்டும் பார்க்காமல், எத்தனை சோதனை ஓடியது என்பதையும் பார்க்கணும்.