ஜெராய் மலையடியில் ஒரு கற்கோயில்

கெடா மாநிலத்தில் சுங்கைப்பட்டாணியிலிருந்து மெர்போக் பக்கம் போனால் ஜெராய் மலை கண்ணில் பட்டுவிடும். ஏறத்தாழ 1200 மீட்டர் உயரம். சுற்றிலும் தாழ்ந்த சமவெளி. ஆகவே நடுக்கடலிலிருந்தே தெரியும். வங்கக் கடலைத் தாண்டி வந்த மாலுமிகளுக்கு அந்நாளில் இம்மலையே அடையாளம்.

துப்பா அருவிப் பக்கம் காட்டுக்குள் நடந்து ஏறப் பாதை உண்டு. ஆனால், மாணவச் செல்வங்களே, முதலில் பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருட்காட்சி சாலைக்குப் போய் வாருங்கள். 1980-ல் திறக்கப்பட்டது. பாறைகளுக்கிடையே காட்டோடை சலசலத்து இறங்கும் அந்தச் சரிவில்தான் புக்கிட் பத்து பஹாட் சண்டி இருக்கிறது. சண்டி என்றால் பழங்கோயில். பத்து பஹாட் என்றால் செதுக்கிய கல்.

முதன்முதலில் பார்க்கிற பசங்க, "அட, இவ்வளவுதானா? கோபுரம் எங்கே?" என்பார்கள். நியாயமான கேள்விதான். மிஞ்சியிருப்பது கருங்கல் அடித்தளமும் படிகளுமே. கொஞ்சம் குனிந்து மண்டபத் தரையைப் பாருங்கள். தூண் நிறுத்த வைத்த கற்கள் வரிசையாகத் தெரியும். அவற்றின் மேல் நின்றவை மரத்தூண்கள். அதற்கும் மேலே கூரை. இந்த மழையில் மரம் எத்தனை காலம் தாங்கும்? மக்கிப்போயிற்று. கருவறை, முன்மண்டபம் என்கிற அமைப்பு இந்தியாவிலிருந்து வந்தது. கல்லும் மரமும் இந்த மண்ணுடையவை.

குவாரிட்ச் வேல்ஸ் தம்பதியர் 1936-37-ல் இப்பள்ளத்தாக்கில் அகழ்ந்தார்கள். இந்தச் சண்டியைப் பின்னர் அலஸ்டேர் லேம்ப் 1959-60-ல் ஆராய்ந்து, கற்களை அடுக்கி நிறுத்தினார். அடியில் புதைத்திருந்த கற்பேழைகளும் அப்போது வெளிப்பட்டன.

"இது சோழன் கட்டியது" என்று நம்மவர்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. முதலாம் இராசேந்திரன் 1025-ல் கடாரத்தின் மேல் படையெடுத்தது உண்மை. அவனுடைய மெய்க்கீர்த்தி வெற்றியைச் சொல்கிறது. இங்கே கோயில் எடுத்ததாகச் சொல்லவில்லை. பக்கத்துச் சுங்கை பத்துவில் சோழர்களுக்குப் பல நூற்றாண்டு முன்பே இரும்பு உருக்கியிருக்கிறார்கள். காற்றுத் திரும்பும்வரை மாதக்கணக்கில் காத்துக் கிடந்த வணிகர்களையும் உள்ளூர் மக்களையும் விட்டுவிட்டு, வந்து போன படையை மட்டும் பிடித்துக்கொள்வது சரியில்லை.

காட்சி சாலை வளாகத்திலுள்ள வேறு சில சண்டிகள் பள்ளத்தாக்கின் பிற இடங்களிலிருந்து கொண்டுவந்து மறுபடி அடுக்கப்பட்டவை. புக்கிட் பத்து பஹாட் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. 11-ஆம் எண் சண்டிக்கு இரண்டு வழியும் வாய்க்கவில்லை. வீடமைப்புக்காக நிலத்தைச் சமன்செய்தபோது அதுவும் தரைமட்டமாயிற்று. செய்தி 2013-ல்தான் வெளியே வந்தது.

போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். மலையில் மழை பிடித்துக்கொண்டால் படிக்கட்டெல்லாம் வழுக்கும்.