வாட்ஸ் கணக்கும் டிரான்ஸ்ஃபார்மர் எடையும்

தமிழில் ஸ்டீரியோவில் பாடல் பதிவான முதல் படம் என்று சொல்லப்படுவது 1978-ல் வந்த 'ப்ரியா'. இசை இளையராஜா. அப்போது பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்து ஊர்கள். கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கரில் இடது, வலது கிடையாது. அதை வீட்டில் கேட்க இரண்டு சேனல் ஆம்ப்ளிஃபயர் வேண்டும்.

கம்பெனி செட் வாங்க வசதியில்லாத வீடுகளுக்குக் கை கொடுத்தது ரேடியோ மெக்கானிக்கின் அசெம்பிள் செட். வால்யூம், பாஸ், ட்ரெபிள், பவர் எல்லாம் ஒரே பெட்டியில். இதுதான் இன்டகிரேட்டட் ஆம்ப்ளிஃபயர். உள்ளே 2என்3055 டிரான்சிஸ்டர். பிறகு சான்யோவின் எஸ்டிகே ஐசி.

1990-களில் 'பி.எம்.பி.ஓ.' ஸ்டிக்கர் வந்தது. ஆயிரம் வாட்ஸ் என்று பார்த்து ஏமாந்தவர்கள் ஏராளம். அது நொடிநேர உச்சக் கணக்கு. தொடர்ந்து கிடைப்பது ஆர்.எம்.எஸ். வாட்ஸ்தான். வாட்ஸ் இரட்டித்தாலும் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இருமடங்காகக் கேட்க ஏறக்குறைய 10 மடங்கு வாட்ஸ் தேவை.

விவரம் தெரிந்தவர்கள் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார்கள். டிரான்ஸ்ஃபார்மர் கனமாக இருந்தால்தான் பாஸ் அடிக்கும்போது ஒலி தளராது. இன்றைய கிளாஸ் டி பெட்டிகள் எடை குறைந்தவை; அந்தச் சோதனை இவற்றுக்குப் பொருந்தாது. ஆனால் கேள்வி பழையதுதான்: ஆர்.எம்.எஸ். எவ்வளவு? சின்ன அறைக்குச் சேனலுக்கு 30 வாட்ஸ் தாராளம். மிச்சக் காசு நல்ல ஸ்பீக்கருக்குப் போகட்டும்.