மூழ்கிய கப்பல் பறந்த கதை

1974 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை, இரவு ஏழரை மணி. ஜப்பானில் குடும்பம் குடும்பமாக டி.வி. முன்னால் உட்காரும் நேரம். ஒரு சானலில் ஆல்ப்ஸ் மலையில் தாத்தாவோடு வாழும் 'ஹைடி' என்ற சிறுமியின் கதை ஏற்கெனவே சக்கைப் போடு போட்டுக்கொண்டிருந்தது. அதை இயக்கியவர் இஸாவோ டக்காஹாட்டா. அதில் கூட வேலை பார்த்தவர் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஹயாவோ மியாஸாகி. அதே நேரத்தில் இன்னொரு சானலில் 'விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ' என்று ஒரு புதுத் தொடரை ஆரம்பித்தார்கள். வீட்டில் ஒரே டி.வி. இருந்த காலம். குழந்தைகளும் அம்மாக்களும் எந்தப் பக்கம் போயிருப்பார்கள் என்று சொல்லவே வேண்டாம். 39 வாரத்துக்குத் திட்டமிட்ட யமாட்டோவை 26 வாரத்தோடு நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். 1975 மார்ச் 30ஆம் தேதி கதை முடிந்தது. சுருக்கமாகச் சொன்னால், ஃபெயில்!

இந்த மலரில் வழக்கமாக நம் ஆட்கள் பாலம், டர்பைன், வெளிநாட்டுப் பயணம் என்று எழுதுவார்கள். நான் ஒரு கார்ட்டூனைப் பற்றி எழுதுகிறேன். மலர்க் குழுவினர் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் பிறப்பதற்குப் பல வருஷம் முன்னால் வந்த, பாதியில் வெட்டப்பட்ட ஒரு தொடரை ஐம்பது வருஷம் கழித்தும் ஜனங்கள் ஏன் விடாமல் பார்க்கிறார்கள் என்ற கேள்வி என்னை ரொம்ப நாளாகக் குடைந்துகொண்டிருந்தது.

முதலில் கதை. கி.பி. 2199. காமிலாஸ் என்ற வேற்றுக் கிரகத்தார் பூமி மேல் கதிரியக்கக் குண்டுகளாகப் போட்டுத் தள்ளுகிறார்கள். கடல்கள் வற்றிவிட்டன. மிச்சம் இருக்கும் மனிதர்கள் பூமிக்கு அடியில் நகரம் கட்டிப் பதுங்கியிருக்கிறார்கள். கதிரியக்கம் அங்கேயும் இறங்கிக்கொண்டிருக்கிறது; இன்னும் ஒரே ஒரு வருஷம்தான் கெடு. அப்போது 1,48,000 ஒளியாண்டு தூரத்தில், பெரிய மெகல்லானிய மேகத்தில் இருக்கும் இஸ்காண்டர் கிரகத்தின் ராணி ஸ்டார்ஷாவிடமிருந்து சேதி வருகிறது. 'கதிரியக்கத்தை நீக்கும் கருவி என்னிடம் இருக்கிறது, வந்து எடுத்துக்கொண்டு போங்கள்' என்கிறாள். வருவதற்கான எஞ்சினின் வரைபடத்தையும் சேர்த்து அனுப்புகிறாள். அந்த எஞ்சினை எந்தக் கப்பலில் பொருத்துவது? வற்றிப்போன கடலின் அடியில் துருப்பிடித்துக் கிடக்கிறது ஒரு பழைய போர்க்கப்பல். பெயர் யமாட்டோ.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. அந்தக் கப்பல் கற்பனை இல்லை. ஹிரோஷிமா மாகாணத்தில் உள்ள கூரே துறைமுகத்தில் பரம ரகசியமாகக் கட்டி, 1941 டிசம்பரில் கடற்படையில் சேர்த்தார்கள். நீளம் 263 மீட்டர். பீரங்கிக் குழாயின் விட்டம் மட்டும் 46 சென்டிமீட்டர். உலகத்தில் வேறு எந்தப் போர்க்கப்பலிலும் அதைவிடப் பெரிய பீரங்கி இருந்ததில்லை. ஆனால் கட்டி முடிப்பதற்குள் காலம் மாறிவிட்டது. கடற்போரை விமானங்கள் தீர்மானிக்க ஆரம்பித்துவிட்டன. 1945 ஏப்ரலில், மேலே துணைக்கு விமானம் இல்லாமல், திரும்பி வரும் உத்தேசமும் இல்லாமல், யமாட்டோவை ஓகினாவாவை நோக்கி அனுப்பினார்கள். ஏப்ரல் 7ஆம் தேதி அமெரிக்க விமானங்கள் சுமார் இரண்டே மணி நேரத்தில் அதை மூழ்கடித்தன. சுமார் 3,000 பேர் அதோடு போனார்கள். பொறியியல் உச்சம், யுத்தத் தந்திரத்தில் பூஜ்யம். இத்தனை எஃகையும் இத்தனை உயிரையும் கடலில் கரைத்த கதை அது.

1974இல் அந்தக் கப்பல் மூழ்கி 29 வருஷம்தான் ஆகியிருந்தது. அதில் மகனையோ கணவனையோ பறிகொடுத்தவர்கள் பலர் உயிரோடு இருந்தார்கள். அப்படிப்பட்ட பெயரை எடுத்துக் குழந்தைகள் கார்ட்டூனுக்கு வைப்பது சாதாரணக் காரியம் இல்லை. தயாரிப்பாளர் யோஷினோபு நிஷிஸாகி ஒரு தடாலடி ஆசாமி. இயக்கத்துக்கும் வடிவமைப்புக்கும் வந்தவர் காமிக்ஸ் ஓவியர் லெய்ஜி மட்சுமோட்டோ. இவருடைய அப்பா யுத்தத்தில் ராணுவ விமானி. கதையில் வரும் வெள்ளைத்தாடி கேப்டன் ஒகிடாவுக்கு அப்பாதான் முன்மாதிரி என்று மட்சுமோட்டோவே சொல்லியிருக்கிறார். வீரதீரப் பிரதாபங்களை வீட்டுக்குள்ளேயே வேறு மாதிரி கேட்டு வளர்ந்தவர் என்பது படம் முழுக்கத் தெரிகிறது.

அந்த வருஷங்களின் மனநிலையையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. டாய்லெட் பேப்பர் தீர்ந்துவிடும் என்ற வதந்தியில் ஜப்பானில் கடைகளை மொய்த்தார்கள். அதே வருஷம் ஸாக்யோ கொமட்சு எழுதிய 'ஜப்பான் மூழ்குகிறது' நாவலும், நாஸ்ட்ரடாமஸ் ஜோசியம் பற்றிய ஒரு புத்தகமும் லட்சக்கணக்கில் விற்றன. உலகம் முடியப்போகிறது என்ற பயம் காற்றிலேயே இருந்தது. யமாட்டோவின் ஒவ்வொரு பகுதியும், மனித குலம் அழிய இன்னும் இத்தனை நாள் என்று எண்ணைக் காட்டித்தான் முடியும். என்ன ஒரு உத்தி! எத்தனை சண்டையில் ஜெயித்தாலும் அந்த எண் குறைந்துகொண்டேதான் போகும். பரீட்சைக்கு முந்தின ராத்திரி ஹாஸ்டலில் மணி பார்த்தவர்களுக்கு அந்த வயிற்றுக் கலக்கம் புரியும்.

நம்ம ஆட்களுக்கென்றே சில சமாச்சாரங்கள் இருக்கின்றன. புது எஞ்சினை டெஸ்ட் பெட்டில் ஓட்டிப் பார்க்க நேரமில்லை. புறப்படும்போதே முதல் ஸ்டார்ட். கப்பலின் மூக்கில் இருக்கும் அலை இயக்கப் பீரங்கியைச் சுட வேண்டுமானால் எஞ்சினின் மொத்த சக்தியையும் அதற்குத் திருப்ப வேண்டும். சுட்டு முடித்தபின் கப்பல் கொஞ்ச நேரம் செத்த பாம்புதான். சுடுவதற்கு முன்னால் 'சக்தி 120 சதவீதம்' என்று ஒருவர் அறிவிப்பார். அது எதில் 120 சதவீதம் சார் என்று நம் எலெக்ட்ரிக்கல் மெஷின்ஸ் வாத்தியார் கேட்டிருப்பார்! அதை முதல் தடவை வியாழன் கிரகத்தில் சுடுகிறார்கள். எதிரியின் தளத்தோடு அங்கே மிதந்துகொண்டிருந்த ஒரு கண்டமே காணாமல் போகிறது. சுட்டவர்கள் கைதட்டவில்லை, வாயடைத்துப் போகிறார்கள்.

ஸனாடா என்று ஒரு பொறியாளர் வருகிறார். எந்தச் சிக்கல் வந்தாலும் அதற்கு ஏற்கெனவே ஒரு கருவி செய்து வைத்திருப்பார். இப்படி ஒருத்தர் எல்லா புராஜெக்டிலும் இருந்தால் நாம் சனிக்கிழமை ஆபீஸ் போக வேண்டியதில்லை. ஆனால் 18ஆம் பகுதியில் அவருடைய மறுபக்கம் தெரியவருகிறது. சின்ன வயதில் ஒரு விபத்தில் தன் கைகால்களை இழந்தவர். அக்கா இறந்ததும் அதே விபத்தில்தான். இருப்பவை எல்லாம் செயற்கை உறுப்புகள். இயந்திரத்தின் மேல் காதல் கொண்டு அவர் விஞ்ஞானத்துக்கு வரவில்லை. அதை அடக்கி மனிதனுக்குக் கீழே வைக்க வேண்டும் என்றே வந்தவர். 1974இல் குழந்தைகளுக்கென்று எடுத்த கார்ட்டூனில் இப்படி ஒரு பாத்திரம் என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கிறது.

எனக்குப் பிடித்தது 10ஆம் பகுதி. சூரியக் குடும்பத்தின் எல்லையைத் தாண்டும் நேரம். அதற்கு அப்பால் பூமியோடு பேச முடியாது. ஆளுக்குச் சில நிமிஷம், வீட்டோடு பேசிக்கொள்ளலாம். எல்லோரும் அம்மாவோடும் அப்பாவோடும் பேசிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வருகிறார்கள். கதாநாயகன் கோடாயின் பெற்றோர் குண்டில் இறந்துவிட்டார்கள். பேசுவதற்கு ஆளே இல்லை. மகனைப் பறிகொடுத்த கேப்டன் ஒகிடாவுக்கும் யாரும் இல்லை. இரண்டு பேரும் உட்கார்ந்து ஒன்றாக ஸாகே குடிக்கிறார்கள். அவ்வளவுதான். அந்தப் பகுதியில் சண்டை பெரிய விஷயமே இல்லை.

இது யுத்தத்தை அழகாக்கிக் காட்டும் படம், தோற்ற கப்பலைக் கற்பனையில் ஜெயிக்க வைத்து ஆறுதல் தேடுகிறார்கள் என்று ஒரு குற்றச்சாட்டு ஆரம்பம் முதலே உண்டு. அதைத் தள்ளிவிட முடியாது. முதல் பகுதியில் ஒகிடாவின் கடற்படை புளூட்டோ அருகே தோற்று ஓடுகிறது. பின்வாங்க மறுத்து அழியும் சின்னக் கப்பலுக்கு யுகிகாஸே என்று பெயர். நிஜ யுகிகாஸே, யமாட்டோவின் கடைசிப் பயணத்தில் கூடவே போன டெஸ்ட்ராயர். யுத்தம் முடியும்வரை மூழ்காமல் தப்பித்ததற்காகப் பேர் வாங்கியது. கதையில் மூழ்காதது அழிகிறது, மூழ்கியது பறக்கிறது. சரித்திரத்தைத் தலைகீழாக்கும் ஆசை இதில் இல்லை என்று யாரால் சொல்ல முடியும்?

ஆனால் 24ஆம் பகுதியைப் பார்த்துவிட்டுப் பேச வேண்டும். இஸ்காண்டரும் காமிலாஸும் இரட்டைக் கிரகங்கள் என்பது கடைசியில்தான் தெரிகிறது. காமிலாஸ் சாகும் கிரகம். தன் ஜனங்களைக் குடியேற்றத்தான் அவர்கள் பூமியைத் தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டிருந்தார்கள். யமாட்டோ தப்பிக்க வேறு வழியில்லாமல் அங்கே பீரங்கியைச் சுட, எரிமலைகள் வெடித்து நகரமே அழிந்துபோகிறது. வெற்றி! கோடாய் அந்த இடிபாடுகளைப் பார்த்துத் துப்பாக்கியைத் தூக்கி எறிந்துவிட்டு அழுகிறான். நாம் சண்டையிட்டிருக்கக் கூடாது, நேசித்திருக்க வேண்டும் என்கிறான். கதாநாயகன் ஜெயித்ததற்காக வெட்கப்படும் காட்சியை அந்த வயதுப் பையன்கள் அதற்கு முன்னால் எங்கே பார்த்திருப்பார்கள்? நிஜ யமாட்டோ சாவதற்கென்றே அனுப்பப்பட்ட கப்பல். கதையில் வரும் யமாட்டோவோ மருந்து வாங்கிக்கொண்டு வீடு திரும்ப வேண்டிய கப்பல். என் அபிப்பிராயத்தில் தொடரின் உயிர் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

சரி, தோற்ற தொடர் எப்படிப் பிழைத்தது? மறுஒளிபரப்புதான் காரணம். முதல் தடவை தவறவிட்ட பையன்களும் கல்லூரி மாணவர்களும் பார்த்தார்கள், ரசிகர் மன்றங்கள் தொடங்கினார்கள், ரேடியோ நிலையங்களுக்கு போன் போட்டு இஸாவோ ஸஸாகி பாடிய முகப்புப் பாட்டைக் கேட்டார்கள். 26 பகுதிகளையும் வெட்டி ஒட்டி ஒரே சினிமாவாக்கி 1977 ஆகஸ்ட் 6ஆம் தேதி வெளியிட்டபோது, தியேட்டர் வாசலில் ராத்திரி முழுக்க வரிசையில் நின்றார்கள். கார்ட்டூன் என்றால் குழந்தைகள் சமாச்சாரம் என்ற எண்ணம் அங்கே உடைந்தது. 1978இல் 'அனிமேஜ்' பத்திரிகை தொடங்கியபோது முதல் இதழின் அட்டையில் யமாட்டோதான் இருந்தது. 1979இல் வந்த 'கண்டம்' தொடருக்கும் இதே கதி: பாதியில் வெட்டு, மறுஒளிபரப்பில் உயிர். அதன் இயக்குநர் டோமினோவும் யமாட்டோவின் ஒரு பகுதிக்கு ஸ்டோரிபோர்டு வரைந்தவர்தான்.

புகழ் வந்ததும் கோணலும் வந்தது. 1978இல் வந்த இரண்டாவது சினிமாவில் கோடாய் கப்பலோடு எதிரி மேல் மோதிச் செத்துப்போகிறான். தியேட்டரில் அழுகை, வசூலோ பிரமாதம். முதல் தொடர் எதைத் தாண்டி வந்ததோ, 1945இன் அதே தற்கொலைப் பயணத்துக்கே இந்தப் படம் திரும்பிப் போய்விட்டது என்பேன். என்னோடு சண்டைக்கு வரும் ரசிகர்கள் நிறையப் பேர் உண்டு. வேடிக்கை என்னவென்றால், அதே கதையை அந்த வருஷமே டி.வி. தொடராக எடுத்தபோது முடிவை மாற்றிக் கோடாயைப் பிழைக்க வைத்துவிட்டார்கள். 1983 சினிமாவில், முதல் தொடரின் கடைசியில் பூமியைப் பார்த்துக்கொண்டே கண் மூடிய ஒகிடாவே, 'டாக்டர் தப்பாகச் சொல்லிவிட்டார்' என்று எழுந்து வருகிறார்! நம்ம ஊர் மெகா சீரியல்காரர்கள் இந்தச் சாமர்த்தியத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட வேண்டும்.

1979இல் தொடர் அமெரிக்கா போனது. கப்பலின் பெயர் 'ஆர்கோ' ஆனது. நிஜக் கப்பலை மூழ்கடித்த தேசத்துப் பிள்ளைகள் அதே கப்பலுக்காகக் கைதட்டினார்கள். அது யார் கப்பல் என்று அவர்களில் பலருக்குத் தெரிந்தே இருக்காது. 1985இல் நிஜ யமாட்டோவின் சிதைவைக் கடலடியில் ஆராய்ந்து உறுதி செய்தார்கள். இரண்டாக உடைந்து கிடந்தது. கதையில் வருவதுபோல் முழுசாக எழுப்ப வழியே இல்லை.

இதற்கிடையில் இது யாருடைய படைப்பு என்று நிஷிஸாகியும் மட்சுமோட்டோவும் கோர்ட்டுக்குப் போனார்கள். 2002இல் தீர்ப்பு நிஷிஸாகி பக்கம் வந்தது, அடுத்த வருஷம் சமரசம். நிஷிஸாகி 2010இல் கடலில் விழுந்து இறந்தார். அவர் விழுந்த படகின் பெயரும் யமாட்டோதான். மட்சுமோட்டோ 2023இல் காலமானார்.

2012இல் யுடாகா இஸுபுச்சி இயக்கத்தில் 'யமாட்டோ 2199' என்று முதல் கதையையே மறுபடி எடுத்தார்கள். பழைய இசையமைப்பாளர் ஹிரோஷி மியாகாவா அப்போது உயிரோடு இல்லை. அவர் மகன் அகிரா மியாகாவா பழைய பதிவுகளைக் காதால் கேட்டுக் கேட்டே ஸ்வரங்களைத் திரும்ப எழுதினார். கதையில் செய்த இரண்டு மாற்றங்கள்தான் என்னை யோசிக்க வைத்தன. ஒன்று, முதல் குண்டைச் சுட்டது காமிலாஸ் இல்லை, பூமிதான், அதை மறைத்துவிட்டார்கள். இரண்டாவது, ஸ்டார்ஷா கருவியைக் கொடுக்கத் தயங்குகிறாள். நான் உங்களுக்கு அனுப்பியது எஞ்சின், நீங்கள் அதிலிருந்து பீரங்கி செய்துவிட்டீர்களே என்பது அவள் வருத்தம். பீரங்கியை அடைத்துவிட்டு வந்தால்தான் கருவி என்றாகிறது. கோடாயின் பழைய அழுகைக்கு முப்பத்தெட்டு வருஷம் கழித்து எழுதிய பதில் இது. பின்னால் 2202, 2205 என்று தொடர்ந்து, ஐம்பதாவது ஆண்டான 2024இல் 3199 ஆரம்பமானது.

கூரே நகரில் 2005இல் திறந்த யமாட்டோ மியூசியத்தில் நிஜக் கப்பலின் பத்தில் ஒரு பங்கு மாதிரி நிற்கிறது, 26.3 மீட்டர். அதே நகரத்து ரயில் நிலையத்தில் ரயில் வரும்போது ஒலிப்பது கார்ட்டூனின் முகப்புப் பாட்டு மெட்டு.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. பளபளப்பான 2199இல் ஆரம்பிக்காதீர்கள். 1974 தொடரையே முதலில் பாருங்கள். படம் ஆடும், வண்ணம் மங்கல், கப்பலின் அளவு காட்சிக்குக் காட்சி மாறும், பொறுத்துக்கொள்ளுங்கள். 26 பகுதி, ஒரு நாளைக்கு இரண்டு என்றால் பதிமூன்றே நாள். செமஸ்டர் லீவுக்குள் முடித்துவிடலாம்.