நியூசிலாந்து உள்ளூர் மன்றங்களும் சூதாட்ட இயந்திரக் கட்டுப்பாடும்

நியூசிலாந்தில் மதுக்கூடங்களிலும் கிளப்புகளிலும் உள்ள சூதாட்ட இயந்திரங்களை மக்கள் ‘போக்கீஸ்’ என்கிறார்கள். ஓர் ஊரில் இவற்றுக்குப் புதிய இடம் அனுமதிக்கலாமா, எங்கே, எத்தனை இயந்திரம் என்று முடிவுசெய்யும் அதிகாரத்தை 2003-ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் நகர, மாவட்ட மன்றங்களுக்கு அளித்தது. உரிமம் வழங்குவதும் கண்காணிப்பதும் உள்நாட்டு விவகாரத் துறையின் வேலை. ஆனால் மன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் புதிய இடத்துக்கு உரிமம் கிடையாது.

ஒவ்வொரு மன்றமும், சூதாட்டம் தன் பகுதி மக்களை எப்படிப் பாதிக்கிறது என்பதைக் கருதி ஒரு கொள்கை வகுக்க வேண்டும். மக்களின் கருத்தைக் கேட்க வேண்டும். 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்ய வேண்டும். சில மன்றங்கள் உச்சவரம்பு விதிக்கின்றன. ஆக்லாந்து உட்படப் பல மன்றங்கள் ‘சிங்க்கிங் லிட்’ (இறங்கும் மூடி) எனப்படும் கடும் கொள்கையைப் பின்பற்றுகின்றன. இதன்படி புதிய இடத்துக்கு ஒப்புதல் இல்லை. ஓர் இடம் மூடப்பட்டால் அதன் இயந்திரங்கள் ஊரின் கணக்கிலிருந்து நிரந்தரமாகக் கழிந்துவிடும்.

2003-இல் நாட்டில் ஏறத்தாழ 25,000 இயந்திரங்கள் இருந்தன. இன்று 15,000-க்கும் குறைவு. இதில் மன்றங்களுக்குப் பங்கு உண்டு என்றாலும் முழுப் பெருமையும் அவற்றைச் சேராது. 2004 டிசம்பரில் மதுக்கூடங்களுக்குள் புகைபிடிக்கத் தடை வந்தபின் ஆட்டக்காரர் வரத்தும் குறைந்தது. மக்கள் இழக்கும் தொகையோ இயந்திரங்களின் அளவுக்குக் குறையவில்லை. விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தால் இறக்கம் உண்டு. ஆனாலும் இப்போதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கோடி டாலர் போகிறது. அதிகபட்சப் பந்தயம் இரண்டரை டாலர்தான். ஆனால் சில நொடிக்கு ஒரு சுற்று ஓடும் இயந்திரத்தின் முன் மணிக்கணக்கில் அமர்பவருக்கு அந்த வரம்பு காப்பாகாது.

இழப்பு எல்லோர் மேலும் சமமாக விழுவதில்லை. இயந்திரங்களில் பாதிக்கு மேல் வறிய பகுதிகளில்தான் நிற்கின்றன. மாவோரி மக்களும் பசிபிக் தீவு மக்களும் தங்கள் மக்கள்தொகை விகிதத்தைவிடக் கூடுதலான தீங்கைச் சுமக்கிறார்கள். வீட்டு வாடகையும் குழந்தைகளின் சாப்பாடும்தான் முதலில் அடிபடும். ஆடாத குடும்பத்தினரும் அதை அனுபவிக்கிறார்கள்.

மன்றங்களின் கையைக் கட்டிப்போடுவது நன்கொடைப் பணம். மதுக்கூட இயந்திரங்களை நடத்தும் அறக்கட்டளைகள் வருவாயில் குறைந்தது 40 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குத் தர வேண்டும் என்பது விதி. விளையாட்டுக் கழகம், மீட்புப் பணி, இறுதிக்கால நோயாளர் இல்லம் எனப் பல அமைப்புகள் இதை நம்பியிருப்பதால், கட்டுப்பாடு வேண்டாம் என்று மன்றக் கூட்டங்களில் அவையே வந்து வாதாடுகின்றன. அவற்றின் தேவை உண்மையானது. ஆயினும் ஏழைத் தெருக்களில் திரட்டிய பணத்தால் ஊரின் பொதுச்செலவை நடத்துவது நியாயமான ஏற்பாடல்ல.

சட்டத்தில் வேறு இடைவெளியும் உண்டு. 2001 அக்டோபர் 17-க்கு முன் உரிமம் பெற்ற இடங்கள் 18 இயந்திரங்கள் வரை வைத்துக்கொள்ளலாம். பின்னால் வந்தவற்றுக்கு 9 மட்டுமே. இயங்கிவரும் இடத்தை மூடும் அதிகாரம் எந்த மன்றத்துக்கும் இல்லை. அது தானாக மூடும்வரை காத்திருக்க வேண்டும். 2013-ஆம் ஆண்டின் திருத்தம், ஓர் இடம் வேறிடத்துக்கு மாற அனுமதிக்கலாமா என்பதையும் மன்றங்கள் பரிசீலிக்கச் சொன்னது. வறிய பகுதியிலிருந்து இயந்திரங்களை அகற்ற இது ஒரு வழி. அதே இயந்திரங்கள் நெரிசலான கடைத்தெருவுக்குப் போய் இன்னும் நெடுநாள் ஓடவும் இதுவே வழி என்பதால், சில மன்றங்கள் இடமாற்றத்தை அறவே மறுக்கின்றன. கேசினோக்களும் வெளிநாட்டு இணையச் சூதாட்டமும் இந்தக் கொள்கைகளின் எல்லைக்கு வெளியே இருக்கின்றன.